பதினான்கு வயது மகன் பேச மறுக்கிறான், யார் பேசுவது?

அடுத்த கேள்வி, பெரம்பூரில் இருந்து ஒரு சகோதரி. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார், மகன் ஒன்பதாம் வகுப்பு. கத்திரி வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் போடாமல் வெளியே வருவதில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறான். நீச்சல் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டான். கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான். "என் தம்பியைப் பேசச் சொல்லலாமா?" என்கிறார்.

தாராளமாகச் சொல்லுங்கள் சகோதரி. தாய்மாமன் பிறகு எதற்கு இருக்கிறார்? பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் உறவெல்லாம் கூடிச் சடங்கு செய்கிறோம். பையன் வளரும்போது வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவன் செல்போனிடம் போய்க் கேட்கிறான். எனக்கு மனது ஆறாத விஷயம் இது.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பனியன், குறுகிய தோள், நீச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அவனுக்கு மார்பில் லேசான வீக்கம் வந்திருக்கலாம். இந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஏராளமான பையன்களுக்கு வருவதுதான். காம்புக்கு அடியில் சிறு கட்டி போலத் தட்டுப்படும், அழுத்தினால் வலிக்கும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். இது தெரியாத பையன், 'நான் பெண்ணாக மாறுகிறேனோ' என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பான். வகுப்பில் ஒருவன் கேலி செய்தால் போதும், ஒடுங்கிவிடுவான். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, நீர் கசிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயல்புதான் என்பதை மாமா கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அதனால் ஆண்மை போய்விடும் என்று லாட்ஜில் அறை எடுத்து மருந்து விற்கிறவர்கள், பிள்ளைகளின் பயத்தில் காசு பார்க்கிறார்கள்.

எதிரே உட்காரவைத்து "உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்று தொடங்கினால் காரியம் கெட்டது. ஞாயிறு காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்க பைக்கில் அழைத்துப் போகட்டும். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பையன்களுக்குப் பேச்சு வரும். திரும்பும் வழியில், "உன் வயதில் எனக்கும் உடம்பைப் பற்றிப் பயம் இருந்தது, கேட்க ஆள் இல்லை" என்று மெதுவாகச் சொல்லட்டும். பதில் வராவிட்டால் துருவ வேண்டாம், அடுத்த வாரமும் கூட்டிப் போகட்டும்.

பைக் சாவியை மட்டும் கையில் கொடுத்துவிட வேண்டாம். 18 வயது ஆகாதவன் ஓட்டிப் பிடிபட்டால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அவனுக்கும் 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பெரியவன் ஆகிவிட்டான் என்று காட்ட, பாட்டியின் மாத்திரை வாங்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

கணவரிடமும் சொல்லுங்கள், வீடியோ அழைப்பில் எடுத்ததும் மதிப்பெண் கேட்க வேண்டாம். பையன் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாலோ, அன்றே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.