தாழிட்ட கதவுக்குப் பின்னால் ஆராதனை

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்து பாங்காக்கில் மறைந்து வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "உயிருக்குப் பயந்து ஓடி ஒளிந்தவர்களிடம் அப்படி என்ன பெரிய விசுவாசம்? நின்று செத்தவர்கள் அல்லவா சாட்சிகள்?" அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம் சபைகளில் பலருடைய மனத்தில் இருக்கும் கேள்விதான் அது. அதை மறுக்கவே இங்கே நிற்கிறேன்.

பாங்காக்கில் இருக்கும் இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர். அவர்களுடைய முன்னோரின் கதை நமக்கு அந்நியமானதல்ல. 1873ஆம் ஆண்டு பஞ்சாபின் சியால்கோட்டில் தித் என்ற ஏழைத் தோல் வியாபாரி ஞானஸ்நானம் பெற்றார். கால் ஊனமுற்றவர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். படித்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த மிஷனரிகள் எதிர்பாராத வகையில், அவர் தம் உறவினரை அழைத்து வந்தார். அவர்கள் தம் உறவினரை அழைத்து வந்தார்கள். கிராமம் கிராமமாக ஒரு சபை எழுந்தது. ஆனாலும் சாதி அவர்களை விட்டுவிடவில்லை. துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு விளம்பரங்களே வெளிவந்த நாடு பாகிஸ்தான். விசுவாசத்துக்காகப் படும் துன்பம், பிறப்புக்காகப் படும் இழிவு, இரண்டும் அங்கே ஒரே உடம்பின் மேல் விழுகின்றன.

1986இல் பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் 295-சி பிரிவு சேர்க்கப்பட்டது. நபியை நிந்தித்தால் மரண தண்டனை. நிலத் தகராறு, கடன், அண்டை வீட்டுச் சண்டை, எதுவும் நிந்தனைப் புகாராக மாறலாம். 2009இல் பழம் பறிக்கும் வயலில் ஒரு கோப்பைத் தண்ணீரைப் பற்றி எழுந்த வாக்குவாதம், ஆசியா பீபி என்ற கூலிப்பெண்ணைத் தூக்குமேடையின் நிழலில் கொண்டுபோய் நிறுத்தியது. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் 2011 ஜனவரியில் தம் மெய்க்காவலராலேயே சுடப்பட்டார். அச்சட்டத்தைத் திருத்தக் கோரிய அமைச்சர் ஷாபாஸ் பட்டி அதே ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். 2018இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் ஆசியா பீபி அந்த மண்ணில் வாழ முடியவில்லை, கனடாவுக்குப் போனார்.

புகார் ஒருவர் மேல் என்றாலும் ஓடவேண்டியது தெரு முழுவதும்தான். 2023 ஆகஸ்ட் 16 அன்று பாகிஸ்தான் பஞ்சாபின் ஜரான்வாலா நகரில் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் தாக்கப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் கரும்புத் தோட்டங்களில் இரவைக் கழித்தார்கள். ஆமென் என்று சொல்லக் கற்ற வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

இப்படித் தப்பியவர்களில் பல ஆயிரம் பேர் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாங்காக் போனார்கள். சுற்றுலா விசா கிடைத்தது, அதுவே காரணம். தாய்லாந்து 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. விசா முடிந்த மறுநாளே அவர்கள் குற்றவாளிகள். ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் தாள் கையில் இருந்தாலும் கைது நிற்காது. பிடிபட்டால் சுவான் புளூவில் உள்ள குடிவரவுத் தடுப்பு மையம். அங்கே மூச்சுமுட்டும் கூடங்களில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கிடந்தவர்கள் உண்டு. 2010 அக்டோபரில் பாங்காக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களும் இதே குடிவரவுச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள் என்பதை இந்த அவையில் சொல்லாமல் இருக்க முடியாது.

பிடிபடாதவர்களின் வாழ்க்கை ஓர் அறைக்குள். கட்டில், அடுப்பு, பிள்ளைகளின் பாடப்புத்தகம், எல்லாம் அதே அறையில். தகப்பன் வேலைக்குப் போனால் ஆபத்து, போகாவிட்டால் வாடகை இல்லை. அந்த அறையில் அவர்கள் பாடுகிறார்கள். பஞ்சாபியில் சங்கீதங்களை 'ஸபூர்' என்று பாடுவார்கள். இமாமுதீன் ஷாபாஸ் என்ற கவிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாவீதின் சங்கீதங்களைப் பஞ்சாபிச் செய்யுளாக்கினார். அவை அந்த மண்ணின் ராகங்களில், தபலாவோடு பாட அமைக்கப்பட்டன. நமக்குக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் எப்படியோ, அவர்களுக்கு அவர் அப்படி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வேதப்புத்தகத்தை விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தாலும் மனப்பாடம் கூடவே வரும். சத்துருக்கள் சூழ்ந்திருக்கிறார்கள், கர்த்தாவே, எதுவரைக்கும் என்று தாவீது கேட்டதை நாம் ஆலயத்தில் வாசித்துவிட்டு உட்காருகிறோம். படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அதையே பாடுகிறவர்களுக்கு அது தங்கள் சொந்த மனு.

இப்போது என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ் சபையை ஒடுக்கியபோது வட ஆப்பிரிக்காவில் உள்ள கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் ஒளிந்துகொண்டார். கோழை என்றார்கள். அவரோ மறைவிடத்திலிருந்து கடிதங்கள் எழுதிச் சபையைக் காத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து மரணம் வந்தபோது அதற்கும் கழுத்தை நீட்டினார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசுவே. குழந்தையாக எகிப்துக்கு ஓடியவரும் அவரே.

இந்தக் குடும்பங்கள் எதற்கு ஓடின? ஆண்டவரை மறுத்திருந்தால், அன்றாடம் தங்கள் மேல் விழுந்த நெருக்கடிகளில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். வீட்டையும் தொழிலையும் உறவையும் விட்டார்கள், அந்த மறுப்பை மட்டும் சொல்லவில்லை. சாகிறவன் 'ஆண்டவரை மறுக்கமாட்டேன்' என்று ஒரு முறை சொல்கிறான். ஒளிந்திருக்கும் தாய், வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் வாடகை கேட்டு வரும்போது அதையே திரும்பச் சொல்கிறாள். எது பெரிது என்று நான் தீர்ப்பிடமாட்டேன். பின்னதைச் சிறிதென்று சொல்ல மட்டும் யாரையும் விடமாட்டேன்.

2023இல் தாய்லாந்து அரசு பாதுகாப்புத் தேவைப்படுவோரைக் கண்டறியும் முறை ஒன்றைத் தொடங்கியது, நல்லது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்கும் திட்டத்தை நிறுத்தியது. காத்திருந்த எத்தனையோ பேருக்கு அந்த வாசல் மூடிக்கொண்டது. கனடாவில் சபைகளே ஒரு குடும்பத்தின் பொறுப்பை ஏற்று வரவழைக்கும் வழி இருக்கிறது. அங்கே உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால், அவர்களுடைய சபையில் இதைப் பேசச் சொல்லுங்கள்.

நம்மில் பலர் விடுமுறைக்குப் பாங்காக் போகிறோம். அங்குள்ள சில சபைகள் இக்குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கித் தருகின்றன. பிணைத்தொகைக்குப் பணம் சேர்க்கின்றன. அந்தச் சபைகளின் ஆயர்களிடம் உங்கள் காணிக்கையைக் கொடுங்கள். குடும்பங்களைத் தேடிப் போகாதீர்கள். தற்செயலாக ஆராதனையில் அவர்களோடு அமர நேர்ந்தால் சேர்ந்து பாடுங்கள். படம் எடுக்காதீர்கள், எந்தத் தெருவில் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு புகைப்படம் போதும், அவர்களைத் தேடுகிறவர்களுக்கு.