"3+" ஸ்டிக்கரைப் பிரிச்சா "6–8": பத்துப் புத்தக செட்டை அளந்து பாக்கறோம்

வணக்கம். டேபிள்ல வழக்கமான மூணு சாமானும் இருக்கு. அடிஸ்கேல், பென்சில், வெள்ளைத்தாள். இன்னைக்குப் புதுசா ஒரு ஹேர் டிரையரும் வந்திருக்கு. ஏன்னு சொல்றேன். எனக்கு இன்னைக்கு நல்ல கோவம், அதையும் மறைக்கல.

இது பத்துக் கதைப் புத்தகம் இருக்கற செட். 499 ரூபாய். ஒவ்வொண்ணும் 16 பக்கம். பதிப்பகம் பேரைச் சொல்லப்போறதில்ல. எங்க வாங்கினாலும் இதைக் கண்டுபிடிக்கத் தெரியணும், அவ்ளோதான். அட்டையோட வலது மூலையைப் பாருங்க. மஞ்ச வட்டம், "3+"னு போட்டிருக்கு. கிட்டக் கொண்டு வர்றேன். அந்த மஞ்சளோட ஓரத்துல மெல்லிசா ஒரு நீலக் கோடு தெரியுதா? அடியில வேற என்னமோ அச்சாகியிருக்குன்னு அர்த்தம். பிரிச்சா "6–8". பத்துலயும் அதே கதை. மூணு வயசுக் குழந்தைக்குத் தேடறவங்க கையிலயும் வித்துடலாம்னு மேல ஸ்டிக்கரை ஒட்டியிருக்காங்க.

பிரிக்கற முறையைச் சொல்லிடறேன், விலை ஸ்டிக்கருக்கும் இது உதவும். நகத்தால நேரா சுரண்டாதீங்க, அட்டையோட மேல் தோல் உரிஞ்சு வந்துடும். டிரையரை லோ ஹீட்ல வெச்சு, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, 20, 30 செகண்ட் காட்டுங்க. சூட்டுல பசை இளகும். ஒரு மூலையை மட்டும் நகத்தால தூக்கிட்டு, மேல பாத்து இழுக்காம, அட்டையோட ஒட்டினாப்ல பின்பக்கமா மடிச்சு, மெதுவா உருவுங்க. பாருங்க, வருது... வருது... முழுசா வந்துடுச்சு! ஒரு நார் கூட கிழியல. மிச்சம் இருக்கற பசைக்குப் பஞ்சுல ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். ஆனா அது லேமினேட் பண்ணின வழவழ அட்டைக்கு மட்டும்தான். சாதா தாள் அட்டையில எண்ணெய் பட்டா கறை போகவே போகாது.

சரி, ஸ்டிக்கர் போச்சு. இப்ப "6–8" உண்மையான்னு பாக்கணும். அச்சடிச்ச வயசையும் நான் நம்பறதில்ல, தெரியும்ல உங்களுக்கு.

முதல்ல ஸ்கேல். புதுசா எழுத்துக் கூட்டிப் படிக்கற குழந்தைக்கு அஞ்சு வரி சேர்ந்து அஞ்சு சென்டிமீட்டர் வரணும். அதாவது ஒரு வரியோட அடியிலிருந்து அடுத்த வரியோட அடிக்கு ஒரு சென்டிமீட்டர். சுமாரா 18 பாயின்ட் எழுத்தை நல்லா இடம் விட்டு அடிச்சா அந்த அளவு வரும். தனியாப் படிக்கற எட்டு வயசுக்கு அஞ்சு வரி மூணரை சென்டிமீட்டர் போதும். இந்த செட்டுல ஒரு புத்தகத்தை அளக்கறேன்... ரெண்டு புள்ளி எட்டு. பெரியவங்க நாவல்ல வர்ற இடைவெளி இது! தமிழுக்கு ஏன் கூடுதல் இடம் வேணும்னா, கி, கீ-ன்னு மேல சுழி போகுது, கு, கூ-ன்னு கீழ வால் போகுது. வரிகள் நெருங்கினா மேல் வரியோட வாலும் கீழ் வரியோட சுழியும் கிட்டத்தட்ட இடிச்சுக்கும். கண் வரி மாறிடும். குழந்தை படிச்ச வரியையே திரும்பப் படிக்கும், நாம கவனம் இல்லைன்னு திட்டுவோம்.

அடுத்தது வரிக் கடைசி. இதை நீங்க கட்டாயம் பாக்கணும், கேமராவை இன்னும் இறக்கறேன். நாலாவது புத்தகம், ஒன்பதாம் பக்கம். "பொம்மை"ங்கற வார்த்தை. வரி முடியற இடத்துல "பெ" நிக்குது. அடுத்த வரி தொடக்கத்துல ஒத்தைக் கால் "ா" அனாதையா நிக்குது, அப்புறம் "ம்மை". ஒரே எழுத்தை ரெண்டாப் பிளந்து ரெண்டு வரியில போட்டிருக்காங்க. பழைய ஃபான்ட்ல கொம்பு, எழுத்து, கால் மூணும் தனித்தனி சாவி. லேஅவுட் மென்பொருளுக்கு இது மூணும் சேர்ந்து ஒரே எழுத்துன்னு தெரியாது, இடம் இல்லாத இடத்துல வெட்டிடும். பெரியவங்க கண் தானா சேர்த்துப் படிச்சுடும். ஆறு வயசுக் குழந்தை "பெ"ன்னு படிச்சுட்டு நின்னுடும். புரூஃப் பாக்கற ஒருத்தர் அஞ்சு நிமிஷம் செலவழிச்சிருந்தா இது போயிருக்கும். ஒரு செட்டுல இப்படி ரெண்டு இடம் பாத்தா யாரும் படிச்சே பாக்காம அச்சுக்கு அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம், வாங்காதீங்க.

வார்த்தைக்கு வர்றேன். விரல் டெஸ்ட் ஏற்கெனவே காட்டியிருக்கேன். ஒரு பக்கத்தைக் குழந்தையைப் படிக்கச் சொல்லி, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கணும். ஒண்ணு வரைக்கும் சுலபம், ரெண்டு மூணுன்னா சரியான அளவு, அஞ்சாச்சுன்னா நாம வாசிச்சுக் காட்டற புத்தகம். தமிழுக்கு இது மட்டும் பத்தாது. வார்த்தை தெரிஞ்சதாவே இருக்கும், நீளத்துல மூச்சு முட்டும். "மரத்திலிருந்திறங்கிக்கொண்டிருந்தது"ன்னு எழுதினா அது கணக்குல ஒரே வார்த்தை. "குரங்கு மரத்தை விட்டு இறங்கியது"ன்னு எழுதினா நாலு வார்த்தை, ஆனா குழந்தை நாலையும் படிச்சுடும். அதனால எழுத்தை எண்ணுங்க. ஆரம்ப வாசகருக்கு ஒரு வார்த்தையில நாலு அஞ்சு எழுத்து. எட்டைத் தாண்டற வார்த்தை பக்கத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம்.

இது ஏன் முக்கியம்னா, பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல இலவசமாப் படிக்கறோம்ல, அங்க லெவல் வார்த்தை எண்ணிக்கையை ஒட்டி வரும். லெவல் 1 சுமார் 250 வார்த்தைக்குள்ள, லெவல் 2 அறுநூறு வரைக்கும், லெவல் 3 ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும், லெவல் 4 அதுக்கு மேல. நல்ல ஏற்பாடு, நான் அடிக்கடி அங்க போறவதான். ஆனா அதே கதை தமிழுக்கு வரும்போது வேற்றுமை உருபெல்லாம் வார்த்தையோட ஒட்டிக்கும், எண்ணிக்கை குறையும், படிக்கற கஷ்டம் குறையாது. லெவல் 2ன்னு போட்டிருந்தாலும் நடுப் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை எண்ணிடுங்க. நம்ம பள்ளிக்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கப் புத்தகங்கள்ல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி இருக்கு. எனக்கு அந்தப் பேர்கள் ரொம்பப் பிடிக்கும். வயசைப் போடாம வாசிக்கற திறனைப் போட்டாங்க பாருங்க, அதுதான் சரி. பன்னெண்டு வயசுப் பையன் "நட" எடுத்தாலும் அவனுக்குக் கூச்சமில்ல.

ஆங், மறந்துட்டேன், தாளைப் பத்திச் சொல்லல. ஸ்கேலோட சேர்த்துச் சொல்லியிருக்கணும். வெள்ளைத்தாளைப் பக்கத்துக்கு அடியில செருகிப் பாருங்க. தாள் இல்லாதப்போ அடியில இருக்கற அடுத்த பக்கத்து எழுத்து தெரிஞ்சு, தாள் வெச்சதும் மறைஞ்சா, காகிதம் மெல்லிசு. படப் புத்தகத்துக்கு அது ஆகாது. அப்புறம் நடுப் பின். 16 பக்கம், 24 பக்கம் எல்லாம் நடுவுல ரெண்டு பின் அடிச்சா போதும், நல்லா விரியும். நடுப்பக்கத்துல பின்னோட கால் ரெண்டையும் விரலால தடவுங்க. குத்தினா சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க. முதுகுல பசை போட்டு ஒட்டினதுன்னா முழுசா விரிச்சுப் பாருங்க, உள் ஓரத்து எழுத்து மடிப்புக்குள்ள போயிடும். இந்த செட்டுல பின் நல்லாத்தான் மடங்கியிருக்கு, அதுக்கு மார்க் போடறேன்.

இப்ப கதை. எனக்குச் சுத்தமாப் பிடிக்காத விஷயம், கடைசிப் பக்கத்துல கட்டம் போட்டு "நீதி". கட்டைவிரலால அதை மறைச்சுக்கிட்டுக் கதையைப் படிங்க. கதையிலயே அந்த விஷயம் தெரிஞ்சா நீதி எதுக்கு? தெரியலைன்னா கதையே நிக்கல. ஏழாவது புத்தகத்துல முயல் பொய் சொல்லித்தான் தப்பிக்குது, கீழ "நீதி: உண்மையே வெல்லும்"னு போட்டிருக்காங்க. குழந்தை கேக்குமே, என்ன பதில் சொல்றது?

படத்தையும் கதையாப் படிங்க. குண்டா இருக்கற பையன் எல்லாப் பக்கத்துலயும் தின்னுக்கிட்டே இருக்கானா? கெட்டவங்க மட்டும் கறுப்பா? அம்மா எந்தப் பக்கத்துலயாவது அடுப்படியை விட்டு வெளிய வர்றாங்களா? இந்த செட்டுல பத்துக் கதையில எட்டு அம்மா கையில கரண்டி. எண்ணினேன்.

மொழிபெயர்ப்பான்னு கண்டுபிடிக்க வாய்விட்டுப் படிங்க. "அவள் தன் கண்களை உருட்டினாள்"னு வந்தா, நம்ம ஊர்ல கண்ணை உருட்டறது மிரட்டறதுக்கு. கதையில அவ சலிச்சுக்கறா! மொழிபெயர்ப்பு தப்பில்ல, எனக்குப் பிடிச்ச படப் புத்தகங்கள்ல பாதி மொழிபெயர்ப்புதான். வாய்க்கு வரணும், அவ்ளோதான். அதே மாதிரி ஒரே பேச்சுல "வந்தாங்க"வும் "சென்றனர்"உம் கலந்து வந்தா அது யாரோட பேச்சும் இல்ல. கோவைப் பேச்சோ நெல்லைப் பேச்சோ முழுசா வரட்டும், குழந்தைங்க ரெண்டே பக்கத்துல பழகிடுவாங்க.

பழைய புத்தக மறுபதிப்பா இருந்தா எழுத்தைப் பாருங்க. லை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சிருந்தா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சை அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்காங்க. பள்ளிக்கூடத்துல அந்த வடிவம் சொல்லித் தர்றதில்ல. அறிவியல், பொது அறிவுன்னா கோள்கள் பக்கத்தைத் திறங்க. ஒன்பது கோள்னு இருந்தா 2006க்கு அப்புறம் யாரும் அந்தப் பக்கத்தைத் திருத்தல. தமிழ்நாட்டுல 32 மாவட்டம்னு இருந்தா 2019க்கு முந்தின மேட்டர், இப்ப 38. அட்டை புதுசா இருக்கறதைப் பாத்து ஏமாறாதீங்க.

பன்னெண்டு வயசுக்கு மேல என்ன வாங்கறதுன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. தமிழ்ல இங்கதான் பெரிய பள்ளம். முயல் கதை முடிஞ்சதும் நேரா அஞ்சு பாகம் சரித்திர நாவலைக் கையில கொடுத்துடறோம். நடுவுல நூறு, நூத்தம்பது பக்கத்துல முடியற கதை வேணும். மூணு இடம் படிங்க: முதல் பக்கம், சரி நடுப்பக்கம், கடைசி அத்தியாயம். கடைசியில பிரச்சினையைத் தீர்த்து வைக்கறது யாரு? வாத்தியாரோ தாத்தாவோ வந்து ரெண்டு பக்கம் பேசி முடிச்சா அது இளையோர் கதை இல்ல, அறிவுரை. பதிமூணு வயசுப் பொண்ணு பேசற வாக்கியம் நாப்பது வயசு மாதிரி ஒலிக்குதான்னு பாருங்க. சாவு, சாதி, மாதவிடாய், அப்பா அம்மா பிரியறது, இதெல்லாம் வருதுன்னு பயந்து மூடிடாதீங்க. எப்படி வருதுன்னு பாருங்க. அந்தப் பிள்ளைக்குப் பேச கதைக்குள்ள ஒரு ஆளாவது இருக்கா? தற்கொலை வர்ற கதையில அந்த முறையை விலாவாரியா எழுதியிருந்தா மட்டும் எனக்குப் பேச்சே இல்ல, வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சவங்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகள் பிரிவுல உக்காந்து பாத்துடுங்க, மதுரைக்காரங்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழந்தை ரெண்டாவது தடவை கேக்கற புத்தகத்தை மட்டும் வாங்கினா போதும்.

இந்தப் பத்துல தேறினது மூணு. ரெண்டாவது, அஞ்சாவது, ஒன்பதாவது. அதுலயும் அஞ்சாவதுல படமும் வார்த்தையும் போட்டி போட்டுக்கிட்டு ஓடுது, ஆமை தலையை எங்க வெச்சிருக்குன்னு எழுத்துல சொல்லாம படத்துல மட்டும் காட்டியிருக்காங்க, அருமையான வேலை. 499ஐ மூணால வகுத்தா ஒண்ணு 166 ரூபாய். தனியா நல்ல புத்தகமாவே மூணு வாங்கியிருக்கலாம். மூணு அட்டையிலயும் நீல "6–8" மேல பென்சிலால ஒரு கோடு போட்டுட்டேன். பக்கத்துல "நாம வாசிச்சா 5, தனியா வாசிச்சா 8"னு எழுதியிருக்கேன்.