ஃபிஜியில் அடிபடும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? நேயர் கேள்விக்குப் பதில்

இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்குக் கொண்டுபோன கிர்மிட் காலத்தைப் பற்றியும், அங்கே அவதிப்பட்ட நம் பெண்களுக்காகப் பாரதி பாடிய கரும்புத் தோட்டப் பாட்டைப் பற்றியும் பேசியிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “அன்றைக்குப் பாரதி அழுதார், சரி. இன்றைக்கு ஃபிஜியில் புருஷனிடம் அடிபடும் பெண்ணுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இவ்வளவு அடிபட்டும் அவள் ஏன் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கிறாள்?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஷமிமா அலி இருக்கிறார். இந்திய வம்சாவளி ஃபிஜிக்காரர். சுவா நகரில் 1984ல் சில பெண்கள் சேர்ந்து ஃபிஜி பெண்கள் நெருக்கடி மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சீக்கிரமே அதன் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 1987, 2000, 2006 என்று நாட்டில் வரிசையாக ராணுவப் புரட்சி. ஆட்சிகள் மாறின, இவர் வேலை மாறவில்லை. பூர்வகுடிப் பெண், இந்தியப் பெண் என்ற பேதம் அந்த மையத்தில் கிடையாது. கதவைத் தட்டுகிற யாராக இருந்தாலும் உள்ளே வரலாம்.

இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்தியது. “ஏன் போகவில்லை” என்று எல்லோரும் கேட்கிறோம். போனவளைத் திருப்பி அனுப்பியது யார் என்று கேட்க மாட்டேன் என்கிறோம். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கலாம், எனக்கு வசதியாக இருந்திருக்கும்! பரவாயில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஃபிஜியின் பூர்வகுடி மக்களிடம் புலுபுலு என்று ஒரு சமாதானச் சடங்கு உண்டு. தப்பு செய்தவன் பக்கத்து ஆட்கள், பாதிக்கப்பட்டவர் குடும்பத்திடம் தபுவாவைக் கொண்டுபோய் வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். தபுவா என்றால் திமிங்கிலப் பல். கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அதற்கு இடமுண்டு. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது, ஃபிஜிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கவனிக்க. சடங்கு நல்ல சடங்குதான். இரண்டு ஊர் வெட்டிக்கொண்டு சாகாமல் தடுத்த சடங்கு. ஆனால் பெண்ணை அடித்த வழக்கிலும், பாலியல் வன்முறை வழக்கிலும்கூட இது நடந்தது. நீதிமன்றத்தில் “சமாதானம் ஆகிவிட்டது” என்று சொல்லித் தண்டனையைக் குறைத்துக்கொண்டார்கள்.

பல்லைக் கொடுத்தது யார்? அவன் வீட்டுப் பெரியவர்கள். வாங்கியது யார்? இவள் வீட்டுப் பெரியவர்கள். அடிபட்டவளை யாராவது கேட்டார்களா? இந்தியக் குடும்பங்களில் பல் கிடையாது, ஆனால் பெரியவர்கள் உண்டு. மாமனார், அப்பா, பெரியப்பா உட்கார்ந்து பேசி முடித்து, அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். நான் பல தடவை சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்: சமாதானம் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நடக்கிறது, அடி அவளுக்கு விழுகிறது.

இந்த இடத்தில்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. 1995ல் ஃபிஜி போலீஸ் ஒரு விதி கொண்டுவந்தது. குடும்ப வன்முறைப் புகார் வந்துவிட்டால், அந்தப் பெண்ணே வந்து வாபஸ் வாங்குகிறேன் என்றாலும் வழக்கைக் கைவிடக் கூடாது. கேட்க அநியாயமாகத் தோன்றும், அவள் விருப்பத்துக்கு மதிப்பில்லையா என்று. யோசித்துப் பாருங்கள். வாபஸ் வாங்கும் அதிகாரம் அவள் கையில் இருக்கும்வரை, வீடே அவள் கையை முறுக்கும். அதிகாரமே இல்லையென்றால் முறுக்கி என்ன பிரயோஜனம்? எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை. “வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளம்மா” என்று திருப்பி அனுப்பும் போலீஸ்காரர்களோடு மையம் இன்றுவரை மல்லுக்கட்டுகிறது.

குடும்ப வன்முறைக்கென்று தனிச் சட்டம் 2009ல் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. அந்த வருடம் ஏப்ரலில் அரசியல் சாசனத்தையே தூக்கிப் போட்டார்கள், நாடாளுமன்றமும் கிடையாது. ஆகவே ஷமிமா அலி கடுமையாக விமர்சித்த அதே ராணுவ ஆட்சியின் ஆணையாகத்தான் இவர்கள் பல வருடம் கேட்ட சட்டம் வந்தது. சட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார், ஆட்சியை விமர்சிப்பதையும் விடவில்லை. அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடிக்கும்.

“இப்போது குறைந்துவிட்டதா?” என்று அடுத்து கேட்பீர்கள். மையம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசி, 2013ல் ஆய்வை வெளியிட்டது. கணவனோ துணைவனோ இருந்த பெண்களில் 64 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அவனிடம் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. இந்தக் கணக்கு வருவதற்கு முன்னால், “எங்கோ நாலு குடிகாரன் அடிக்கிறான்” என்று சொல்லித் தப்பிக்கலாம். இப்போது முடியாது.

ஆண்களை விட்டுவிட்டார்களா என்று கேட்காதீர்கள். போலீஸ், ஊர்த் தலைவர்கள் என்று ஆண்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள், பசிபிக்கின் மற்ற தீவுகளிலிருந்தும் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். வனுவாட்டுவில் மெரிலின் தாஹி இதே மாதிரி ஒரு மையம் நடத்திய கதை இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு காணொளி வேண்டும். அங்கே பெண்ணுக்குப் பரிசம் போடும் வழக்கம். “பரிசம் போட்டேன், அதனால் அடித்தேன்” என்று நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். யாராவது கேள்வியாகக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.