“அழகான பெரிய மரம்” என்றே எழுதுகிற பிள்ளைக்கு வர்ணனை சொல்லித் தருவது எப்படி?

வணக்கம். மேலூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். “என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கதை எழுதச் சொன்னால் ‘ஒரு ஊரில் ஒரு பெரிய மரம் இருந்தது’ என்று எழுதுகிறான். இன்னும் வர்ணித்து எழுது என்றால் ‘அழகான பெரிய பச்சை மரம் இருந்தது’ என்கிறான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் என்ன சேர்ப்பது என்று எப்படிச் சொல்லித் தருவது? சேர்த்தால் நடுவில் ஒற்று (க், ச், த், ப்) எங்கே போடுவது என்றும் குழம்புகிறான்.”

அம்மா, உங்கள் பையன் சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறான். வர்ணி என்றோம், கூட இரண்டு சொல் போட்டுவிட்டான். மாற வேண்டியது நம் கேள்வி. “எப்படிப்பட்ட மரம்?” என்று கேட்டால் அழகான, பெரிய என்றுதான் பதில் வரும். “எந்த மரம்?” என்று கேளுங்கள். முதலில் புளியமரமா வேம்பா என்று சொல்வான். மரம் என்ற சொல் புளியமரம் ஆனதுமே பாதி வர்ணனை வந்துவிடும். சரி, எந்தப் புளியமரம்? “பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிறதே, போன மழையில் கிளை முறிந்ததே, அது.” கிடைத்துவிட்டது: போன மழையில் கிளை முறிந்த புளியமரம்.

என் வகுப்பில் இதை எலுமிச்சம்பழத்தை வைத்து ஆரம்பிப்பேன். ஆளுக்கு ஒரு பழம். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்து, தன் பழத்தைப் பற்றி ஒரே ஒரு தொடர் எழுத வேண்டும். பிறகு எல்லாப் பழத்தையும் ஒரு தட்டில் கொட்டிக் கலந்துவிடுவோம். ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவர் பழத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். “மஞ்சளான உருண்டையான எலுமிச்சை” என்று எழுதியவரின் பழம் கிடைக்கவே கிடைக்காது. “காம்பு பக்கம் கீறல் விழுந்த எலுமிச்சை” உடனே கைக்கு வந்துவிடும். அடுத்த முறை பிள்ளைகள் பழத்தைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். வீட்டில் நான்கு பேர் இருந்தால்கூட இதை விளையாடலாம்.

“கீறல் விழுந்த”, “கிளை முறிந்த” என்பவற்றுக்கு இலக்கணத்தில் பெயரெச்சம் என்று பெயர். பையனிடம் இப்போது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தமிழில் வர்ணனைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. காரணம் சொல்கிறேன். “பெரிய” என்பதற்குள் எதுவும் நடக்கவில்லை. “கிளை முறிந்த” என்பதற்குள் ஒரு மழை, ஒரு காற்று, ஒரு சத்தம் எல்லாம் இருக்கிறது. பயிற்சியும் சுலபம். “மாடு வாசலில் படுத்திருந்தது” என்று எழுதுகிறானா? அந்த மாட்டைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள். “வாசலில் படுத்திருந்த மாடு...” இப்போது வாக்கியம் முடியாமல் நிற்கிறது, பார்த்தீர்களா? அப்புறம் மாடு என்ன செய்தது என்று அவன் சொல்லியே ஆக வேண்டும். “வாசலில் படுத்திருந்த மாடு என்னைப் பார்த்ததும் எழுந்தது.” கதை நகர்ந்துவிட்டது. “இருந்தது, இருந்தது” என்று ஒவ்வொரு வரியும் நின்று நின்று போகிற சிக்கலும் இதிலேயே தீரும்.

ஆனால் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் இப்படி மாட்டக் கூடாது. அழகர் குதிரையில் வரும் மதுரைச் சித்திரைத் திருவிழா பற்றி ஒரு சிறுமி எழுதி வந்தாள். “அழகான குதிரையில் அழகான அழகர் வந்தார். ஏராளமான கூட்டம் இருந்தது.” நீ முதலில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “ஒண்ணுமே தெரியல டீச்சர், முன்னாடி நின்ன மாமா முதுகுதான் தெரிஞ்சுச்சு. தோல்பையில தண்ணி அடிச்சாங்கள்ல, சட்டையெல்லாம் ஈரம். அப்புறம் அப்பா தூக்கினாங்க.” அதையே எழுது என்றேன். “எனக்கு முன்னால் நின்ற மாமாவின் ஈர முதுகுதான் தெரிந்தது. அப்பா என்னைத் தோளில் ஏற்றினார். தூரத்தில் தங்கக் குதிரை வந்தது” என்று எழுதினாள். முதுகுக்கு நீளமான தொடர், குதிரைக்கு ஒரே சொல். தங்கக் குதிரை என்றாலே மதுரைப் பிள்ளைகளுக்குப் போதும், அதற்குமேல் எதற்கு? யாரும் கவனிக்காத அந்த முதுகுக்குத்தான் விவரம் தேவைப்பட்டது. அந்த மூன்று வரியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அடைமொழியை எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். “அழகான அக்காவின் வீடு” என்றால் அழகு அக்காவுக்கா, வீட்டுக்கா? வீடுதான் அழகு என்றால் “அக்காவின் அழகான வீடு” என்று பக்கத்தில் கொண்டுவர வேண்டும். “பழைய புத்தகக் கடை” என்று சொல்லி, பழையது கடையா புத்தகமா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இதில் நன்றாகச் சண்டை போடுவார்கள்.

இனி ஒற்று. இரண்டு விஷயம் போதும். “ஓடிய குதிரை, பார்த்த பையன்” போன்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் ஒற்று மிகாது. “பெரிய, அழகான” என்பவற்றுக்குப் பின்னாலும் மிகாது. “வெள்ளைக் குதிரை, பச்சைப் பட்டு” என்று நிறம் நேராக வந்து ஒட்டும்போது மிகும். “ஓடாத குதிரை” என்றால் மிகாது, “ஓடாக் குதிரை” என்றால் மிகும். இந்தக் கடைசி ஜோடியை ஏழாம் எட்டாம் வகுப்புக்கு விட்டுவிடலாம். எதுவானாலும் அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே சொல்லாதீர்கள் அம்மா. கதை முடிந்த மறுநாள், பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் சேர்த்துக்கொள்ளலாம்.