இஎம்டி வேலையில முதல் நைட் ஷிஃப்ட்: ஒரு தம்பியோட சந்தேகத்துக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். இஎம்டின்னா ஆம்புலன்ஸ்ல நோயாளி கூடவே இருந்து முதலுதவி பண்றவர். அவர் கேட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன். "அண்ணா, நான் பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சவன். 108-ல இஎம்டியா செலக்ட் ஆகி, ட்ரெய்னிங்கும் முடிச்சிட்டேன். வர்ற திங்கக்கிழமை முதல் டூட்டி, அதுவும் நைட். எனக்கு பத்து மணியானாலே கண்ணு சொருகும். மூணு மணிக்கு ஒரு கேஸ் வந்தா என் மூளை வேலை செய்யுமா? என்ன தயாரிப்பு பண்ணணும்? முதல் நாள் கையில என்ன எடுத்துட்டுப் போகணும்?"

தம்பி, நல்ல கேள்வி. நேராவே சொல்றேன். மூணு மணிக்கு உங்க மூளை பாதிதான் வேலை செய்யும். பதினோரு வருஷம் ஆச்சு, எனக்கும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். அதனால மூளை தெளிவா இருக்கும்போதே, அதாவது ராத்திரி எட்டு மணிக்கே, மூணு மணிக்கு வேண்டியதை எல்லாம் செஞ்சு வச்சிரணும். நான் இன்னைக்குச் சொல்லப்போறது முழுக்க இதுதான்.

முதல்ல தூக்கம். திங்கக்கிழமை காலைல வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் கடைகண்ணிக்குப் போயிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு டூட்டி ஏறினீங்கன்னா, மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்கும்போது 26 மணி நேரம் தூங்காம இருந்திருப்பீங்க. 1997-ல ஆஸ்திரேலியால ஒரு ஆய்வு பண்ணினாங்க. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிற ஆளோட நிதானம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆளோட நிதானம் மாதிரி ஆயிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல 0.03 தாண்டினாலே குடிச்சிட்டு ஓட்டினதா கேஸ் போடுவாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு சொட்டு குடிக்காத நீங்க அந்த நிலையில நோயாளிக்கு ஊசி போடப் போறீங்க.

அதனால திங்கக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு, ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் படுங்க. தூக்கம் வரலைன்னாலும் கண்ணை மூடிப் படுத்துருங்க. டூட்டி முடிஞ்ச நாள்ல காலைல வீட்டுக்கு வந்ததும் லேசா எதாவது சாப்பிட்டு உடனே படுத்துரணும். பதினோரு மணிக்கு மேல நம்ம ஊர் வெயில்ல, ஷீட் போட்ட வீட்டுல எவனும் தூங்க முடியாது. ஜன்னலுக்குக் கனமான போர்வையைக் கட்டித் தொங்க விடுங்க. ரூம் இருட்டா இருக்கணும்.

இன்னொரு விஷயம், வீட்ல அம்மாகிட்ட உக்காந்து பேசிருங்க. "பகல்ல நான் தூங்கறது சோம்பேறித்தனம் இல்லம்மா, அது எனக்கு ராத்திரி"ன்னு சொல்லுங்க. எங்க அம்மா ஆரம்பத்துல பாசத்துல பத்து மணிக்கு எழுப்பி டிஃபன் கொடுப்பாங்க. சொந்தக்காரங்க வந்தா எழுப்பி "வாங்கன்னு கேளுடா"ம்பாங்க. ஆறு மாசம் அப்படிப் போனதுல எனக்கு வயிறே கெட்டுப்போச்சு. ஆடி மாசம் தெருவுல கட்டுற மைக்செட்டுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. காதுல பஞ்சு வச்சுக்கங்க.

வீட்டுக்குத் திரும்பற வழிதான் எனக்கு ரொம்பக் கவலை. நைட் முடிச்சு பைக்ல போறப்ப தூங்கி விழுந்த பசங்க எனக்குத் தெரியும். கண்ணு எரியுதுன்னா பேஸ்லயே, அதாவது வண்டி நிக்கிற இடத்துலயே, அரை மணி நேரம் படுத்துட்டுக் கிளம்புங்க. இல்ல பஸ்ல போங்க. இதுல வீராப்பு வேண்டாம்.

அடுத்தது, எட்டு மணிக்கு வண்டி ஏறினதும் என்ன பண்ணணும். பகல் ஷிஃப்ட் ஆளு "எல்லாம் இருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டு இறங்குவார். அவர் பொய் சொல்லலை, அவரும் 12 மணி நேரம் ஓடிக் களைச்சவர். நீங்க ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாக்கணும்.

நான் 108-க்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தனியார் ஆம்புலன்ஸ்ல இருந்தேன். ஒரு நாள் விடியக்காலை நாலு மணி. ஒரு பெரியவர், மூச்சுத்திணறல். மாஸ்க்கை மாட்டிட்டு சிலிண்டரைத் திறக்கறேன், காத்து வரலை. ராத்திரி டூட்டி எடுக்கும்போது கேஜ்ல முள்ளு எங்க நிக்குதுன்னு நான் பாக்கலை. இன்னொரு சிலிண்டரை எடுத்து மாட்ட எனக்கு மூணு நிமிஷம் ஆச்சு. அந்த மூணு நிமிஷமும் அவர் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். அவர் பிழைச்சுட்டார். ஆனா அந்தக் கைப்பிடி எனக்கு இன்னும் மறக்கலை. அன்னைக்கு வேற யாரும் தப்பு பண்ணலை, நான்தான்.

அதனால ஆக்ஸிஜன் முதல்ல. கணக்கும் தெரிஞ்சு வச்சுக்கங்க. சின்ன பி டைப் சிலிண்டர்ல நிறைய இருந்தா சுமார் 1500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் விட்டா ரெண்டரை மணி நேரம் வரும். முள்ளு பாதியில நின்னா ஒண்ணேகால் மணி நேரம்தான். மலைப்பகுதியில இருந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போற தூரத்துக்கு அது பத்துமா? இந்தக் கணக்கை எட்டு மணிக்குப் போட்டுருங்க, நாலு மணிக்குப் போட வராது. அப்புறம் சக்ஷனை, அதாவது வாயில இருக்கிற சளி, வாந்தியை உறிஞ்சி எடுக்கற மெஷினை, ஆன் பண்ணிப் பாருங்க. அம்பு பேக்கை, அதாவது மூச்சு நின்னவங்களுக்குக் கையால அழுத்திக் காத்து கொடுக்கற பையை, அழுத்திப் பாருங்க, பெரியவங்களுக்கு ஒண்ணு, குழந்தைக்கு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. குளுக்கோமீட்டர்ல ஸ்ட்ரிப் இருக்கா, டெலிவரி கிட் பிரிக்காம இருக்கா, டார்ச் எரியுதா. ஒவ்வொரு பொருளும் எந்த அறையில இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு கை போகணும்.

இப்ப அந்த மூணு மணிக்கு வருவோம். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் உடம்போட சூடே குறைஞ்சிரும், நம்ம எல்லாருக்கும் உள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017-ல மூணு விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தாங்க. தம்பி விலங்கியல் படிச்சவர், அவருக்கு இது தெரிஞ்சிருக்கும். அந்தக் கடிகாரத்தோட சண்டை போட முடியாது. கேஸ் இல்லாதப்ப 20 நிமிஷம் கண்ணயரலாம். ஆழ்ந்து தூங்கி எழுந்தா கொஞ்ச நேரம் தலை மந்தமா இருக்கும், அதனால கால் வந்ததும் முகத்தைக் கழுவுங்க, வண்டியில போகும்போது பைலட்கிட்ட, அதாவது வண்டி ஓட்டறவர்கிட்ட, வாய்விட்டுப் பேசுங்க. "அண்ணே, இன்ன ஊரு, நெஞ்சுவலி, 55 வயசு. இறங்கினதும் நான் பிபி பாக்கறேன், நீங்க ஸ்ட்ரெச்சரை எடுங்க." சத்தமா சொன்னா மூளை முழிச்சுக்கும்.

டீயைப் பத்தி ஒரு வார்த்தை. குடிச்ச டீயில இருக்கிற கஃபைன் பாதி குறையவே அஞ்சு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடிச்ச டீ காலைல ஒன்பது மணிக்கு உங்களைத் தூங்க விடாது. ரெண்டு மணியோட நிறுத்திக்கங்க. நடுராத்திரி பரோட்டாவும் வேண்டாம்.

ராத்திரி கேஸ்ல எதுல ஏமாறுவோம்னு சொல்றேன், இதைக் கவனமா கேளுங்க. ரெண்டரை, மூணு மணிக்கு ஒரு கால் வரும். "பையனுக்கு வயித்துவலி, வாந்தி." போய்ப் பாத்தா காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. ராத்திரி புளியோதரை சாப்பிட்டான், அதுதான்னு வீட்ல சொல்லுவாங்க. நமக்கும் தூக்கக் கலக்கத்துல அதுதான்னு தோணும். அங்க நீங்க ஒரு கேள்வி கேக்கணும்: "பையன் தரையிலயா படுத்திருந்தான்?" ஆமான்னு சொன்னா, பையனோட கண் இமையைப் பாருங்க. மேல பாக்கச் சொல்லுங்க. இமையைத் தூக்க முடியாம சொருகுதா, பேச்சு குழறுதா, எச்சில் முழுங்கக் கஷ்டப்படறானா, அப்படின்னா அது கட்டுவிரியனா இருக்கலாம். அது ராத்திரியில நடமாடற பாம்பு. தூங்கறவங்களைக் கடிக்கும், வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடமே தெரியாமப் போகும். கடிச்சதே அவனுக்குத் தெரியாது. தூக்கத்துல கண்ணு சொருகுதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. கொஞ்ச நேரத்துல மூச்சு விடற தசை நின்னுரும்.

எங்க வண்டியில ஒரு பத்து வயசுப் பையன் அப்படித்தான் வந்தான். பாதி வழியில மூச்சு நின்னுச்சு. ஜிஹெச் போற வரைக்கும் 25 நிமிஷம் அம்பு பேக் போட்டுக்கிட்டே போனேன். அங்க விஷமுறிவு மருந்து கொடுத்து, வெண்டிலேட்டர் வச்சு, நாலாம் நாள் அவன் உக்காந்து இட்லி சாப்பிட்டான். அதனால சொல்றேன் தம்பி, இந்தக் கேஸ்ல நம்ம கையில இருக்கிற மருந்து காத்துதான். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க. மூச்சைப் பாத்துக்கிட்டு, விஷமுறிவு மருந்தும் வெண்டிலேட்டரும் இருக்கிற இடத்துக்குப் போங்க. முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிருங்க.

இன்னொண்ணு. ரோட்டோரம் ஒருத்தர் உளறிக்கிட்டு, வேர்த்துக்கொட்டி விழுந்து கிடப்பார். சுத்தி நிக்கறவங்க "குடிகாரன் சார், விடுங்க"ம்பாங்க. குடிச்ச வாடையே அடிச்சாலும் பரவாயில்லை, விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பாத்துருங்க. 70-க்குக் கீழ இருந்தா அவர் சுகர் குறைஞ்சு கிடக்கறார். மாத்திரை போட்டுட்டு ராத்திரி சாப்பிடாமப் படுத்த எத்தனை பேரு இப்படி! கால் சென்டர் டாக்டர்கிட்ட கேட்டு டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏத்தினா கண்ணு முன்னாடியே எழுந்து உக்காருவார். அதே மாதிரி விடியக்காலை நெஞ்சடைப்பை "வாய்வு"ன்னு சொல்லி சோடா குடிக்க வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. வாய்வுன்னு முடிவு பண்றது ஈசிஜி எடுத்த டாக்டரோட வேலை, நம்ம வேலையும் இல்ல, சோடா கொடுத்தவர் வேலையும் இல்ல.

பூச்சிமருந்து குடிச்ச கேஸ் ராத்திரி நிறைய வரும், வீட்டுச் சண்டைக்கு அப்புறம். கிளவுஸ் போட்டுக்கங்க, மருந்து பட்ட துணியைக் கழட்டிருங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு சக்ஷன் பண்ணுங்க, அந்த பாட்டிலைக் கூட எடுத்துட்டுப் போங்க. அந்த வீட்ல யாரையும் ஒரு வார்த்தை திட்டாதீங்க. அவங்க ஏற்கெனவே செத்துப் பிழைச்சுக்கிட்டு இருப்பாங்க.

பைலட்டைப் பத்திச் சொல்லலைன்னா இந்தப் பதில் முடியாது. உங்களுக்கு டிகிரி இருக்கலாம், அவர் பத்தாவது படிச்சிருக்கலாம். ஆனா எந்தச் சந்துல வண்டி திரும்பும், எந்தக் கூட்டத்துல எப்படிப் பேசணும்னு அவருக்குத்தான் தெரியும். அண்ணேன்னு கூப்பிடுங்க, டீ வாங்கினா ரெண்டு வாங்குங்க. நோயாளி உள்ள இருக்கும்போது அவர் தூங்க மாட்டார், அந்தப் பதட்டமே முழிக்க வைக்கும். ஆஸ்பத்திரில நோயாளியை ஒப்படைச்சுட்டு நாலரை மணிக்குக் காலி வண்டியில திரும்பறீங்க பாருங்க, அப்பத்தான் ஆபத்து. நம்ம பசங்க பின்னாடி ஸ்ட்ரெச்சர்ல படுத்துருவாங்க. அதை மட்டும் செய்யாதீங்க தம்பி. முன் சீட்ல உக்காந்து பேச்சுக் கொடுங்க. அவர் ரெண்டு தடவை கொட்டாவி விட்டா, "ஓரம் கட்டுங்கண்ணே, பத்து நிமிஷம்"னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு.

உடம்பை நினைச்சு பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. வருஷக்கணக்கா நைட் பாக்கறதை, புற்றுநோய் வரக் காரணமா இருக்கலாம்ங்கிற பட்டியல்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-லயே சேர்த்திருக்கு. அதுக்காக வேலையை விட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை சுகரும் பிபியும் பாருங்க, ஆஃப் நாள்ல அடுத்த வேலை தேடி ஓடாம தூங்குங்க.

கடைசியா, பையில என்ன. ரெண்டு பேனா, ஒண்ணு எப்பவும் தொலையும். ஒரு சின்ன நோட்டு, பக்கத்துல இருக்கிற ஜிஹெச், ஆரம்ப சுகாதார நிலையம் நம்பர் எல்லாம் கையால எழுதினது. தண்ணி பாட்டில், சோப்பு, சொந்தமா ஒரு சின்ன டார்ச். அப்புறம் கண்டிப்பா ஒரு செட் மாத்து டிரஸ்ஸும் ஒரு சுத்தமான பருத்தித் துண்டும். ராத்திரியில வலி எடுத்து, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள வண்டியிலேயே குழந்தை பொறக்கறது நம்ம வேலைல சாதாரணம். அப்ப முதல்ல ஏசியை நிறுத்துங்க, குழந்தையை நல்லா துடைச்சு அம்மா நெஞ்சு மேல போட்டு, அந்தத் துண்டால ரெண்டு பேரையும் சேர்த்து மூடுங்க. குழந்தை நல்லா அழுதுச்சுன்னா தொப்புள்கொடியை வெட்ட அவசரப்படாதீங்க, ஒரு நிமிஷமாவது விடுங்க. உங்க சட்டை வீணாப்போகும், அதுக்குத்தான் அந்த மாத்து டிரஸ். திங்கக்கிழமை டூட்டி முடிச்சுத் தூங்கி எழுந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க தம்பி, எப்படிப் போச்சுன்னு. தூங்கி எழுந்ததுக்கு அப்புறம் போட்டாப் போதும்.