ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டும் டிஃபரன்ஷியல் ஏறவே இல்ல! ஜிம்னிக்கு அடியில என்னதான் நடக்குது?

(திரையில்: ஜிம்னியின் பின் ஆக்சில், பக்கத்தில் ஒரு அளவுகோல்)

வணக்கம் மக்களே! மாருதி சுசுகியோட ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஜிம்னிக்கு ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போடறோம், அதாவது உடம்பை உயர்த்தறோம். புது ஸ்பிரிங், புது ஷாக். கூரை அம்பது மில்லிமீட்டர் மேல போயிடுச்சு. இப்போ ஆக்சில் நடுவுல சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிக்கற டிஃபரன்ஷியல் குண்டுக்குக் கீழ அளந்து பாருங்க. கம்பெனி சொல்ற கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மில்லிமீட்டர். லிஃப்ட் போட்ட பிறகும் அந்தக் குண்டு இருந்த இடத்துலயேதான் இருக்கு. ஒரு மில்லிமீட்டர்கூட ஏறல!

காரணம் எளிசு. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஒரே தடி மாதிரி. ஆக்சில் டயர் மேல உக்காந்திருக்கு, ஸ்பிரிங் ஆக்சில் மேல உக்காந்திருக்கு. ஸ்பிரிங்கை உயர்த்தினா அதுக்கு மேல இருக்கறதுதான் ஏறும். குண்டு ஏறணும்னா டயர் பெருசாகணும். 195/80 ஆர் 15-ஐக் கழட்டிட்டு 235/75 ஆர் 15 போட்டா விட்டம் சுமார் 40 மில்லிமீட்டர் கூடும். அதுல பாதி, 20 மில்லிமீட்டர்தான் குண்டுக்குக் கிடைக்கும். அதுக்காக லிஃப்ட் வீண்னு நான் சொல்லல. பம்பர், வயிறு, கதவுக்குக் கீழ இருக்கற விளிம்பு எல்லாம் கல்லுல இருந்து தப்பிக்கும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனா அதுக்கு விலை கொடுக்கறது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டு போற சுத்தற குழாய், நம்ம பட்டறையில ஜாயிண்ட் ஷாஃப்ட்னு சொல்வாங்களே, அதுதான்.

சக்தியை முன் பின் ஆக்சிலுக்குப் பிரிச்சுக் கொடுக்கற பெட்டி, அதான் டிரான்ஸ்ஃபர் கேஸ், சேசிஸோட மேல போயிடுச்சு, ஆக்சில் கீழயே நின்னுடுச்சு. நடுவுல இருக்கற ஷாஃப்ட் சரியும். முக்கால் மீட்டர் ஷாஃப்ட்னா அம்பது மில்லிமீட்டர் லிஃப்டுக்குக் கிட்டத்தட்ட 4 டிகிரி கூடும். அரை மீட்டர்னா 6 டிகிரி கிட்ட. வண்டி குட்டையானா வலி ஜாஸ்தி.

(திரையில்: எவர்சில்வர் தட்டு, விளிம்பில் மார்க்கரால் வைத்த பன்னிரண்டு புள்ளிகள்)

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். ஓடிப் போயிடாதீங்க, சமையலறையில இருந்து ஒரு தட்டு எடுத்துட்டு வாங்க. விளிம்புல கடிகாரம் மாதிரி பன்னிரண்டு புள்ளி, சம இடைவெளியில. நேரா பாத்தா வட்டம். மெல்லச் சாய்ங்க. வட்டம் முட்டை வடிவமாச்சா? புள்ளிகளைப் பாருங்க! நீளமான ரெண்டு முனையிலயும் நெருங்கி நிக்குது, மத்த ரெண்டு பக்கத்துலயும் விலகி நிக்குது. நீங்க புள்ளியை நகர்த்தவே இல்ல, தட்டைச் சாய்ச்சதுதான்.

ஷாஃப்ட்டோட முனையில, சாய்வா சுத்த விடற கூட்டல் குறி வடிவ இணைப்பு இருக்கே, அதான் கிராஸ், அதுக்குள்ளயும் இதே கதைதான். இந்தப் பக்கம் ஒரே வேகத்துல சுத்துது. அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கறதால, ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை மெதுவாகி ரெண்டு தடவை வேகமாகுது. நிமிஷத்துக்கு 3000 சுற்றுல ஓடறப்ப கோணம் 5 டிகிரின்னா, 2989-க்கும் 3011-க்கும் நடுவுல ஆடும். அது யாருக்கும் தெரியாது. 10 டிகிரின்னா 2954-ல இருந்து 3046. 20 டிகிரின்னா 2819-ல இருந்து 3193! கோணம் ரெண்டு மடங்கானா ஆட்டம் நாலு மடங்கு. அதுவும் ஒரு செகண்டுக்கு நூறு தடவை. சீட்டுல உக்காந்திருக்கற உங்களுக்கு அதுதான் விர்ர்ருனு கேக்குது. ஒரு தட்டைச் சாய்ச்சே இதைப் புரிஞ்சுக்கலாம்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

அப்போ லிஃப்ட் இல்லாத வண்டி ஏன் அதிரல? ரெண்டு முனையிலயும் கிராஸ் இருக்கே. ரெண்டு கோணமும் சமமா இருந்து, ஷாஃப்ட் முனையில கிராஸைப் பிடிக்கற கவை, அதான் யோக், ரெண்டும் ஒரே நேர்ல நின்னா, முதல் கிராஸ் கெடுத்ததை ரெண்டாவது சரி பண்ணிடும். ஆனா நடுவுல இருக்கற ஷாஃப்ட் அப்பவும் ஆடிக்கிட்டுதான் இருக்கும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல (வீல்பேஸ்) 93.4 இஞ்ச் இருந்த பழைய ஜீப் ரேங்லர் டிஜே இந்த அதிர்வுக்குப் பேர்போனது. லிஃப்ட் போட்டவங்க டிரான்ஸ்ஃபர் கேஸோட வால் பகுதியைக் குட்டையாக்கி, ஷாஃப்ட்டை நீளமாக்கி, மேல் முனையில டபுள் கார்டன்னு ஒரு ஜாயிண்ட் போட்டாங்க. அதுல ரெண்டு கிராஸ் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கோணத்தைப் பாதி பாதியா பங்கு போட்டுக்கும். அப்படிப் போட்டா பினியன் மூக்கு, அதாவது டிஃபரன்ஷியல்ல ஷாஃப்ட் மாட்டற முனை, நேரா டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாக்கணும்.

முன் ஆக்சில்ல இங்கதான் சண்டையே. லிஃப்ட் போட்டா கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங் அச்சு பின்னால சாய்ஞ்சிருக்கற கோணம், குறையும், ஸ்டீயரிங் அலையும். கேஸ்டரை மீட்க ஆக்சிலைத் திருப்பினா பினியன் மூக்கு கீழ இறங்கும். சக்கரத்தைத் தாங்கற நக்கிளும் பினியனும் ஒரே கூட்டுல இருக்கு. ஒண்ணைத் திருப்பினா இன்னொண்ணும் திரும்பும். கூட்டை வெட்டி நக்கிளைத் திருப்பி வெல்டு வைக்கற அளவுக்குப் போறவங்களும் உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு அது தேவையே இல்லைங்கறது என் கருத்து. ஒன்றரை இஞ்சோட நிறுத்திக்கோங்க.

புது மஹிந்திரா தார்ல முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அங்க டிஃபரன்ஷியல் நிஜமாவே ஏறும், ஆனா அங்கிருந்து சக்கரத்துக்குப் போற அரை ஷாஃப்ட்டுகள் சரிஞ்சு, அதுங்க முனையில இருக்கற சிவி ஜாயிண்ட்டோட ரப்பர் பூட் (உறை) சீக்கிரம் கிழியும்.

இன்னொண்ணு: கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்குள்ள வருது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கு.

லிஃப்டுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. போன்ல கோணம் காட்டற ஆப்பைத் திறந்து ஷாஃப்ட் மேலயும், பினியன் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டை மாட்டற தட்டு) மேலயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் மேலயும் வைங்க. வந்த மூணு எண்ணையும் வண்டி பேரோட கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணா உக்காந்து பாத்து பதில் சொல்றேன்.