குட்டியானை எஞ்சின் மாத்தியாச்சு! ரெண்டு நாள் அலைய விட்டது ஒரு செம்பு வாஷர்

வணக்கமுங்க! சத்தம் கேக்குதுங்களா? இருங்க, மைக்க சீட்டுக்கிட்ட கொண்டு போறேன். டக டக டகன்னு... நம்ம குட்டியானைதாங்க, டாடா ஏஸ் லோடு வண்டி! ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு, தண்ணியில்லாம ஓடி, எஞ்சின் பிளாக்ல விரிசல் விட்டு செட்டுக்குள்ள கெடந்துச்சே, அதேதான்.

நெறைய பேரு கேட்டீங்க, "மாத்துறதே மாத்துறீங்க, டாடா இண்டிகா காரோட 1405 சிசி எஞ்சினத் தூக்கி வைங்கண்ணா"ன்னு. எனக்கு அது சுத்தமாப் பிடிக்காதுங்க. ஏஸ்ல இருக்கிற 702 சிசி, அந்த இண்டிகா எஞ்சின்ல சரிபாதி. சிலிண்டரோட குறுக்களவு (போர்) அதே 75 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் (ஸ்ட்ரோக்) அதே 79.5, நாலு சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு. 2005-ல வண்டி வந்தப்ப 16 குதிரைத் திறனுக்குத் தகுந்த மாதிரி கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் போட்டிருக்காங்க. அதுல பெருசத் திணிச்சு லோடு ஏத்தினா யாரு நிறுத்துறது? கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. அதனால அதே 702 தான், கோயமுத்தூர் உக்கடத்துல பழசு ஒண்ணு, 28,000 ரூபா.

செயின் பிளாக் கட்டி இறக்கினது, ஏத்தினது எல்லாம் ஒரே நாள். அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆங், ஒண்ணு விட்டுட்டேன், கியர்பாக்ஸ் கழட்டின கையோட கிளட்ச் பிளேட்டும் புதுசு போட்டாச்சு. அத விட்டுட்டு மறுபடி யாரு இறக்குறது!

அப்புறம்தாங்க வினை. ஹீட்டர் பிளக் சூடாகுது, செல்ஃப் அடிச்சா உடனே எடுக்குது. ஒரு நிமிஷம் ஓடி, விக்கி விக்கி, நின்னு போகுது! கைப்பம்ப அடிச்சு டீசல் லைன்ல இருக்கிற காத்த வெளியேத்தினா மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். இப்படியே ரெண்டு நாளுங்க. ஃபில்டர் மாத்தினேன், டேங்க கழுவினேன். எங்கயும் ஒரு சொட்டு டீசல் கசியல.

கசியாதுங்க! டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சுற பக்கம் இடைவெளி இருந்தா, வெளிய வராது, காத்த உள்ள இழுக்கும். கண்ணாடி மாதிரி டியூப் ஒரு முழம் வாங்கி நடுவுல மாட்டினேன். பாத்தா, சோடா மாதிரி குமிழி குமிழியா ஓடுது! ஒவ்வொரு ஜாயிண்டா பாத்து வந்தா, ஃபில்டர்ல இருக்கிற பேஞ்சோ போல்ட், அதாவது நடுவுல ஓட்டை விட்டு அது வழியா டீசல் போற போல்ட். நான் பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டிருந்தேன். ஒருதரம் நசுங்கின செம்பு இறுகிப் போயிரும், மறுபடி படியாது.

பத்து ரூபா சாமான். ஞாயித்துக்கிழமை, கடை பூட்டு. பக்கத்துத் தெருவுல ஒரு பழைய லாரி மெக்கானிக் தாத்தா இருக்காரு, அவருதான் சொன்னாரு, "அடுப்புல காட்டு தம்பி, செவந்ததும் தண்ணில போடு". அம்மா அடுப்புல, இடுக்கில பிடிச்சு, ஃபில்டர்ல இருந்த நாலு வாஷரையும் செவக்கச் செவக்கக் காய்ச்சித் தண்ணில போட்டேன். விரல்ல அழுத்தினா வளையுதுங்க, அவ்வளவு மெது! உப்புத்தாள்ல தேச்சு மாட்டி முறுக்கினேன். செல்ஃப் அடிச்சேன். நிக்கல! அர மணி நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தேன், டியூப்ல ஒரு குமிழி இல்ல. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

முக்கியமானத மறந்துட்டேன் பாருங்க, ஆர்டிஓ. எஞ்சின் வாங்கறப்பவே பிளாக்ல குத்தியிருக்கிற நம்பர, பில்லோட ஒத்துப் பாத்துத்தான் காசு கொடுத்தேன். நம்பர் தேச்ச எஞ்சின் ஓசில கெடச்சாலும் தொடாதீங்க. முன்கூட்டியே அனுமதி வாங்கியாச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, மாத்தின 14 நாளுக்குள்ள சொல்லி ஆர்சில புது நம்பர் ஏத்தணும். நாளைக்குக் காலைல அங்கதான் போறேன்.

ஆர்சி கைக்கு வந்ததும் மொத லோடு ஆனைமலை தேங்காதான். 750 கிலோவுக்கு மேல ஒரு காய் கூட ஏத்த மாட்டேங்க.